உயிரோடு இருப்பது மட்டும் உண்மை

2007 ஜூலை, கலிபோர்னியாவில் ஒரு குடிநீர் வாரியக் கூட்டம். பைப், பம்ப், மீட்டர் என்று கொட்டாவி வரவழைக்கும் அஜெண்டா. புதிதாகத் தேர்வாகி வந்த உறுப்பினர் சேவியர் அல்வாரெஸ் எழுந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். மெரீன் படையில் 25 வருஷ சர்வீஸாம். 1987இல் மெடல் ஆஃப் ஹானர் கிடைத்ததாம் (நம் பரம்வீர் சக்ராவுக்கு அமெரிக்கப் பங்காளி). பலமுறை காயம்பட்டாராம், அத்தனையும் ஒரே ஆள் கையால்! எதிரிக்கு இவர் மேல் அப்படி என்ன பாசமோ. கடைசியில், “இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்” என்று முடித்தார்.

அந்தக் கடைசி வரி மட்டும்தான் உண்மை. நான் சொல்லவில்லை, மேல்முறையீட்டு நீதிமன்றமே தீர்ப்பில் எழுதிவைத்தது. மனிதர் ராணுவத்தில் ஒருநாள்கூட இருந்ததில்லை.

இத்தனைக்கும் இது அவருடைய சுமார் ரக சரக்குதான். வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஹெலிகாப்டரை நண்பர்களோடு சேர்ந்து மறுபடி பறக்கவிட்டது, ஈரானில் அமெரிக்கத் தூதரை மீட்டது, விட்டுப்போன கொடியை எடுக்கத் திரும்பிப் போனபோது முதுகில் குண்டு வாங்கியது எல்லாம் தனி ரீல். நடுவில் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்கு ஐஸ் ஹாக்கி. மெக்சிகோ நடிகையோடு ரகசியக் கல்யாணம். கொஞ்சநாள் போலீஸ் வேலையும் பார்த்தாராம், அளவுக்கு மீறி அடித்ததால் டிஸ்மிஸாம். பொய்யிலும் வேலை போகிறது பாருங்கள், என்னவொரு தன்னடக்கம்!

அல்வாரெஸின் நேரம், அப்போது 'திருடிய வீரம்' என்று பெயர் வைத்த ஒரு சட்டம் புத்தம் புதிதாக இருந்தது. 2006 டிசம்பரில் புஷ் கையெழுத்துப் போட்டது. வாங்காத பதக்கத்தை வாங்கினேன் என்று வாயால் சொன்னாலே ஆறு மாதம். மெடல் ஆஃப் ஹானர் என்றால் ஒரு வருஷம். சொல்லி என்ன சம்பாதித்தாய் என்று சட்டம் கேட்கவே இல்லை. இந்த ஆள் சம்பாதித்ததோ, கூட்டத்தில் நாலு பேர் புருவம் தூக்கியது. கிடைத்தது 5,000 டாலர் அபராதம், மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு.

கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போனது. 2012 ஜூன் 28 அன்று ஆறுக்கு மூன்று என்று நீதிபதிகள் சட்டத்தையே தூக்கிக் கடாசினார்கள். வெறும் பொய்க்கு ஜெயில் என்று ஆரம்பித்தால் எங்கே போய் நிற்பது? மேட்ரிமோனி புரொஃபைல் போட்டவர்களில் பாதிப்பேர் உள்ளே இருப்பார்கள். தவிர, எஃப்.பி.ஐ. வருவதற்கு முன்பே ஊர் மக்கள் அல்வாரெஸைக் கழுவி ஊற்றியாகிவிட்டது. பொய்க்கு மருந்து உண்மைப் பேச்சுதான் என்றார் நீதிபதி கென்னடி. அதே நாளில் ஒபாமாகேர் தீர்ப்பும் வந்து தொலைத்தது. பாவம், வாழ்நாளின் மிகப்பெரிய விளம்பரத்திலும் நம்ம ஆளுக்கு இரண்டாம் இடம்.

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். டெக்சாஸில் வால்டர் வில்லியம்ஸ் என்று ஒரு தாத்தா. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குப் படைக்காகப் போனவர்களில் உயிரோடு மிஞ்சிய கடைசி ஆள் தான்தான் என்றார். என்ன வேலை? படைக்குத் தீனி சேகரிப்பது. பொய் சொல்ல வந்த இடத்தில்கூட தளபதி ஆகத் தோன்றாத அப்பாவி! 1930களின் பொருளாதார மந்தத்தில் பென்ஷனுக்கு மனுப் போட்டார், கிடைத்தது. 1860 சென்சஸிலோ அவருக்கு வயது 5. போர் முடியும்போது அரை டிக்கெட்.

1959இல் ஒரு பத்திரிகையாளர் இதைத் தோண்டி எடுத்து எழுதினார். அசையுமா நாடு? அதே வருஷம் டிசம்பரில் தாத்தா '117 வயதில்' காலமானபோது, அதிபர் ஐசனோவர் தேசிய துக்க நாள் அறிவித்தார். ஐரோப்பாவில் ஹிட்லர் படையைத் துரத்திய அசல் ஜெனரல், போர்க்களத்தையே பார்க்காத சிப்பாய்க்குத் துக்கம் அனுஷ்டித்தார். பொய் சொல்லிப் பென்ஷன் வாங்கியவருக்கு ராஜமரியாதை, ஒரு பைசா வாங்காமல் அளந்தவருக்கு அபராதம். என்ன கணக்கோ!

2013 ஜூனில் ஒபாமா காலத்தில்தான் இந்தக் கணக்கைச் சரிசெய்தார்கள். புதிய சட்டப்படி பதக்கப் பொய் மட்டும் போதாது, அதைவைத்துப் பணமோ சொத்தோ வேறு ஆதாயமோ பார்க்கும் நோக்கம் இருந்தால்தான் குற்றம். அதிகபட்சம் ஒரு வருஷம். அல்வாரெஸ் இதற்காகக் காத்திருக்கவில்லை. வாரியத்தின் மருத்துவக் காப்பீட்டில் விவாகரத்தான மனைவியையும் சேர்த்துவிட்ட வழக்கில் ஏற்கெனவே ஜெயிலுக்குப் போயிருந்தார். ஒரே ஆளிடம் அத்தனை முறை அடிவாங்கிய மாவீரர், கடைசியில் இன்ஷூரன்ஸ் ஃபாரத்திடம் விழுந்தார்.

ஆகவே, அமெரிக்கா போகும் அன்பர்களே, கார்கிலில் நீங்கள் பிடித்த குன்றைப் பற்றி அங்கே தாராளமாக அளக்கலாம். காபிக்குக் காசு மட்டும் நீங்களே கொடுத்துவிடுங்கள்.