கூட்ஸ் வண்டிப் பண்டிதர்

மெயில் வண்டியின் வேகத்தையும் எஞ்சினின் கம்பீரத்தையும் முதல் வகுப்பு மெத்தையின் சுகத்தையும் பற்றி ஒரு நாழிகை ஓயாமல் பேசக்கூடியவர்கள் எந்த ஊரிலும் நாலு பேர் அகப்படுவார்கள். ஆனால் அந்த மெயில் வண்டிக்கு வழிவிட்டுப் பக்கத்துத் தண்டவாளத்தில் வெயிலிலும் மழையிலும் கேட்பாரற்று நின்ற கூட்ஸ் வண்டிக்காகத் தம் ஆயுளின் பிற்பகுதியை அர்ப்பணம் செய்துவிட்ட மனிதரைத் தரிசிக்க வேண்டுமானால், ஜொகூர் மாநிலத்தில், குளுவாங், லாபிஸ், சிகாமட் முதலான ரயிலடி ஊர்களில், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டு, அதனால் வீட்டில் ஓர் அறை காலியாகப் பெற்றவர்களிடையே தேட வேண்டும். அந்தக் காலி அறைதான் வியாதிக்கு மூலகாரணம் என்பது அவர்களுடைய மனைவிமாரின் ஏகோபித்த அபிப்பிராயம்.

அறைக்குள் நுழைந்தால், நீண்ட பலகையொன்றின்மேல் குளுவாங் ஸ்டேஷன் தன் உண்மை அளவில் 87-இல் ஒரு பங்காகச் சுருங்கி வீற்றிருக்கும். பிளாட்பாரம் உண்டு; சிக்னல் உண்டு; சரக்குக் கிடங்கும், அதன் நிழலில் படுத்துறங்கும் நாயும் உண்டு. நம் நாட்டு ரயில் மீட்டர் கேஜ் ஆகையால், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர்த் தண்டவாளத்தை அவர் தொடக்கூட மாட்டார். 12 மில்லிமீட்டர்த் தண்டவாளத்தை வெளிநாட்டிலிருந்து தருவித்து, சரளைக்கல்லைச் சல்லடையில் சலித்து இட்டிருப்பார். இவ்வளவும் இருக்க, இல்லாத பொருள் ஒன்றே ஒன்று: ரயில்.

“என்னங்க, வண்டியே வராத ஸ்டேஷனுக்கு எதுக்குங்க சிக்னல்?” என்று அந்த அம்மையார் பசியாறும் வேளையில் கேட்டால், “அது அபாயம் காட்டிக்கொண்டிருக்கிறதே, பார்க்கவில்லையா? ஆராய்ச்சி முடிகிற வரையில் விதிப்படி வண்டி உள்ளே வரக்கூடாது” என்று விடை வரும்.

ஆராய்ச்சி என்பது, அந்த ஸ்டேஷனில் இன்ன ஆண்டில் எந்தெந்தச் சரக்கு வண்டிகள் நிற்க நியாயம் உண்டு என்று நிர்ணயிப்பது. சிங்கப்பூரிலிருந்து மருமகன் ஆசையோடு வாங்கி வந்த அழகிய பெட்டி ஒன்றை, ‘தேசம் அமெரிக்கா, கேஜ் ஸ்டாண்டர்டு, காலம் ஐம்பதுகள்’ என்று மூன்று குற்றங்கள் சுமத்தித் தள்ளுபடி செய்துவிட்டார் நம் பண்டிதர். அது இப்போது பக்கத்து வீட்டுக் குழந்தையின் கையில், நூல் கட்டி இழுக்கப்பட்டு, அவருடைய ரயில்வேயில் என்றும் நடவாத ஒரு காரியத்தை, அதாவது ஓடுவதை, நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறது.

முதற் சங்கடம் ஆண்டைத் தேர்ந்துகொள்வதில் வந்தது. ஆதியிலிருந்தே தொடங்குவதுதான் முறை என்று கருதி, பிற்காலத்தில் சுல்தானாகிய அபூபக்கர் 1869-இல் ஜொகூர் பாருவிலிருந்து கூனோங் பூலாய் மலையை நோக்கிப் போடத் தொடங்கிய மரத் தண்டவாள ரயிலை முதலில் கையில் எடுத்தார். கரையான் அரித்து அந்த மகத்தான முயற்சி வீணாயிற்று என்று அறிந்ததும், 87-இல் ஒரு பங்கு அளவுக்குக் கரையானை எங்கே தேடுவது என்று சில காலம் வியாகூலப்பட்டுவிட்டு, மூவார் ரயிலுக்கு மாறினார். பண்டார் மகாராணியிலிருந்து பாரிட் ஜாவா வரைக்கும் 1890-இல் ஓடத் தொடங்கி, வேறெந்த ரயிலோடும் சம்பந்தம் வைத்துக்கொள்ளாமல் தனியாகவே வாழ்ந்து மறைந்த பாதை அது. ஆனால் அந்நாளைப் புகைப்படக்காரர்கள் எஞ்சினையும் தொப்பி அணிந்த அதிகாரிகளையும் எடுத்தார்களே தவிர, பின்னால் கோத்திருந்த வண்டிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்று அவருக்குத் தாங்க முடியாத மனக்குறை.

கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரையிலான பாதை 1909-இல் பூர்த்தியாயிற்று. அப்போது ஜலசந்தியின் குறுக்கே பாலம் கிடையாது; கூட்ஸ் வண்டிகளை மிதவைகளில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். கடற்பாலம் வந்தபின் அதன்மேல் முதன்முதலாகச் சென்றது எந்த வண்டி என்று இவரிடம் மாத்திரம் வாசகர்கள் கேட்டுவிட வேண்டாம். “1923 செப்டம்பர் 17-ஆம் தேதி கூட்ஸ் ரயில் போயிற்று, ஐயா! பிரயாணிகள் ரயிலுக்கு அக்டோபர் முதல் தேதிதான் வழி கிடைத்தது!” என்று அவர் சொல்லும்போது, தலைமுறை தலைமுறையாக அவமதிக்கப்பட்ட ஒரு குலத்துக்கு நீதி கிடைத்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் ஜொலிக்கும்.

இறுதியில் அவர் 1938-ஆம் ஆண்டில் வந்து நிலைகொண்டார். குளுவாங் ஸ்டேஷனின் சிற்றுண்டிச் சாலை அந்த ஆண்டில்தான் ஆரம்பமாயிற்று. கோப்பியும் கயா தடவிய ரொட்டியும் இல்லாத ஸ்டேஷனை அவருடைய ஆராய்ச்சி ஏற்றாலும் நாக்கு ஏற்கவில்லை. ஆண்டு நிச்சயமானவுடன் விலக்குகள் பிறந்தன. வண்டியின் பக்கத்தில் ‘மலாயன் ரயில்வே’ என்று எழுதியிருந்தால் கூடாது, அந்தப் பெயர் 1948-இல் வந்தது, ‘கே.டி.எம்.’ என்றால் பேசவே வேண்டாம், அது 1962. முன்னால் டீசல் எஞ்சின் கூடாது, 1957-க்கு முன் பாதையில் டீசல் மெயின் லைன் எஞ்சின் ஏது? இரும்புத்தாது வண்டி வைக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால், பத்து பகாட் பக்கத்து ஸ்ரீ மேடான் சுரங்கத்தின் தாது ஆற்று வழியாகக் கடலுக்குப் போயிற்றே ஒழிய குளுவாங்குக்கு வரவில்லை என்று சொன்னவரின் பூகோள ஞானத்தைச் சந்தேகிப்பார். செம்பனை எண்ணெய் பீப்பாய்களை விட்டுத் தொட்டி வண்டிகளில் சிங்கப்பூருக்குப் போகத் தொடங்கியது முப்பதுகளில்தான் என்பதால் தொட்டி வண்டிக்கு அனுமதி உண்டு. ஆனால் எத்தனை என்பது விசாரணையில் இருக்கிறது. 1934 முதல் ரப்பர் ஏற்றுமதிக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு இருந்ததல்லவா? ஆகவே மூடு வண்டி நிறைய ரப்பர்க் கட்டுகளை அடுக்குவதும் சரித்திரப் பிழையாம். கதவைச் சாத்திய வண்டிக்குள் சரக்கு எவ்வளவு இருக்கிறதென்று யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன். “எனக்குத் தெரியுமே” என்றார்.

இத்தகைய பிசகுகளுக்கு அவர் வழங்கும் பெயர் காலவழு. இலக்கண வகுப்பில் நாம் மறந்துவிட்டு வந்த இச்சொல்லை அவர் சினிமாக் கொட்டகையில் கூவுவார். கதாநாயகி ரயிலடியில் நின்று கண்ணீர் பெருக்கும் கட்டத்தில், கொட்டகை முழுவதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கையில், அவளுக்குப் பின்னால் ஊர்ந்து செல்லும் வண்டியைக் கண்டு, “காலவழு!” என்று இருட்டில் எழும் குரல் இவருடையதுதான்.

கல்யாண வீட்டுக்கோ கருமாதி வீட்டுக்கோ போனால், பழைய புகைப்படங்கள் எங்கே மாட்டியிருக்கின்றன என்றுதான் அவர் கண் முதலில் தேடும். ஒரு வீட்டில், ரயிலடியில் எடுத்த குடும்பப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பது வயதைக் கடந்த ஆச்சி ஒருவர், நம் வம்சத்தின்மேல் இவருக்கு இத்தனை பக்தியா என்று உள்ளம் உருகி, “அது எங்க தாத்தா, தம்பி. நாகப்பட்டினத்துல கப்பலேறி வந்தவரு” என்று விளக்கினார். “அவரைக் கொஞ்சம் இடப்பக்கமாக நிற்க வைத்திருக்கக்கூடாதா, ஆச்சி? வண்டியின் எண்ணை மறைத்துக்கொண்டு நிற்கிறாரே!” என்று நம் பண்டிதர் அங்கலாய்த்தார். அந்த வீட்டுப் பந்தியில் அன்று அவர் இலைக்குப் பாயசம் வரவில்லை. ஆயினும் தாத்தாவின் உயரம் ஐந்தடி நாலங்குலம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை அளவுகோலாக்கி வண்டியின் உயரத்தைக் கணக்கிட்டுவிட்டார். பெரியவர் கப்பலேறி வந்த பலன் அவ்வாறு கைகூடிற்று.

ரயில்வேயில் உழைத்து ஓய்ந்த கிழவர்களை அவர் விடுவதில்லை. “ஐயா, அந்த மூடு வண்டிக் கதவுல எத்தனை பலகை?” என்று ஒரு முன்னாள் சுமைக்காரரிடம் கேட்டதற்கு, “நான் பலகைய எங்க தம்பி எண்ணுனேன்? மூட்டையத்தான் எண்ணுனேன். ஒண்ணு கொறஞ்சா கிராணி சம்பளத்துல புடிப்பாரு” என்று பதில் வந்தது. அதையும் தேதி போட்டு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

1942-க்கு அப்பால் மாத்திரம் அவர் வருவதில்லை. அரிசியும் ரப்பரும் ஏற்றுவதற்கென்று செய்த இரும்பு மூடு வண்டிகளில், முப்பது பேர் வரையில் ஒன்றாக அடைத்து, ஜப்பானியர் யுத்தக் கைதிகளைச் சிங்கப்பூரிலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். தோட்டத்துத் தமிழர்களும் ஆயிரமாயிரமாய் அதே பாதையில் போனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மரண ரயிலைப் போட்டவர்களில் திரும்பாதவர்கள் அநேகர். அந்த வண்டியின் நீள அகலம் அவருக்கு அங்குல சுத்தமாகத் தெரியும். கேட்டால் சொல்வார், தரையில் சாக்கட்டியால் கோடு போட்டும் காட்டுவார். முப்பது பேரை அந்தக் கோட்டுக்குள் நிற்க வைத்துப் பார்க்கும்படி நம்மையே விட்டுவிடுவார். மற்ற நேரங்களில் இவருடைய அங்குலக் கணக்கைக் கண்டு சிரிக்கும் எனக்கு அப்போது சிரிப்பு வருவதில்லை.

ஊரார் அவரைப் பைத்தியம் என்கிறார்கள். என் தீர்ப்பு வேறு. நேற்றுக் கட்டிய கோபுரத்தைப் புராதனம் என்றும், பாட்டன் வந்த ஆண்டை வாய்க்கு வந்தபடியும் விழா மலர்களில் கூசாமல் அச்சடிக்கிற நம் சமூகத்தில், தகரப் பெட்டிக்கு உரிய ஆண்டைக்கூடப் பொய்யாகச் சொல்லமாட்டேன் என்று பிடிவாதம் செய்ய ஒருவராவது இருப்பது நல்லதே. அவர் ரயில் ஓடாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஆகவே ஜொகூர் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பெட்டியின் அடியில், ரயிலடியில் எடுத்த பழைய படம் ஏதேனும் கிடந்தால், பெரியவர்களின் முகத்தை வணங்கிவிட்டு, அவர்களுக்குப் பின்னால் வண்டி ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அவருக்குக் கொடுத்து உதவுங்கள். பத்திரமாகத் திருப்பித் தருவார். ஆனால் படத்தின் பின்புறம் உங்கள் பாட்டனார் எழுதிவைத்த வருஷத்தைப் பென்சிலால் திருத்தித்தான் தருவார்.