ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தவர்கள்

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள் நம்மூரில். இதை அச்சு அசலாகக் கடைப்பிடித்த ஐரோப்பியர் ழான் ழாக் ரூசோ. 1762இல் அவர் எழுதிய 'எமீல்' ஒரு தலையணைப் புத்தகம். எமீல் என்ற கற்பனைப் பையனை எப்படி வளர்ப்பது என்று பக்கம் பக்கமாக யோசனை. தாய்ப்பால் கொடு, துணியில் இறுக்கிச் சுற்றாதே, புத்தகத்தைத் திணிக்காதே, ஓட விடு, விழுந்தால் எழுந்துகொள்வான். குழந்தையைக் குழந்தையாகப் பார் என்றார். அருமையான யோசனைகள்தான்.

சரி, சொந்தப் பிள்ளைகள்? தெரேஸ் லெவாஸருக்கும் அவருக்கும் பிறந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பாரிஸ் அநாதைகள் விடுதிக்கு அனுப்பிவிட்டார். ஊட்டி வளர்க்காத பிள்ளைகளும் தானே வளரும் என்ற நம்பிக்கை போலும். ரூசோவை ஆகாத எழுத்தாளர் வால்டேர் சும்மா இருப்பாரா? 1764இல் பெயர் போடாமல் ஒரு துண்டுப் பிரசுரம் விட்டு விஷயத்தைச் சந்திக்கு இழுத்தார். 'எமீலை'யோ அதற்கு முன்பே பாரிஸில் கொளுத்தியாயிற்று. ஐந்து பிள்ளைகளுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். அதில் மதத்தைப் பற்றி எழுதியிருந்ததற்காக!

அடுத்தவர் அமெரிக்கர், ஜான் வாட்சன். மனசு, கினசு எல்லாம் சும்மா, பழக்கம்தான் எல்லாம் என்பது அவர் கட்சி. ஆரோக்கியமான ஒரு டஜன் குழந்தைகளையும் வளர்க்கத் தன் இஷ்டப்படி ஓர் உலகத்தையும் கொடுத்தால், எந்தக் குழந்தையையும் டாக்டராகவோ வக்கீலாகவோ, வேண்டுமானால் திருடனாகவோகூட ஆக்கிக் காட்டுகிறேன் என்று சவால் விட்டார். நல்லவேளை, யாரும் டஜன் கணக்கில் கொடுக்கவில்லை. அதற்கு முன்பே கையில் கிடைத்திருந்தது ஒன்றுதான். அது பட்ட பாடு இருக்கிறதே!

ஆய்வுக் குறிப்பில் அதற்குப் பெயர் ஆல்பர்ட். வயது பதினொரு மாதம். வெள்ளெலியைப் பார்த்தால் கை நீட்டும் குழந்தை. அது எலியைத் தொடப்போகும்போதெல்லாம், பின்னால் நின்று இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில தடவையிலேயே எலியைக் கண்டாலே அலறல். அப்புறம் முயலுக்கும் அழுகை, ரோமக் கோட்டுக்கும் அழுகை. கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடியைக்கூட விடவில்லை. பயத்தை ஊட்டியவர்கள் அதை எடுக்கவில்லை. 1920இல் ஆய்வு அச்சேறியது. அதே ஆண்டு, உடன் ஆய்வு செய்த ரோசலி ரெய்னருடனான காதல் அம்பலமாகிப் பல்கலைக்கழக வேலையும் போனது. வாட்சன் நேரே விளம்பரக் கம்பெனிக்குப் போய்ச் சக்கைப்போடு போட்டார். பெரியவர்களைப் பழக்குவது இன்னும் சுலபம்!

1928இல் பெற்றோருக்கும் ஒரு புத்தகம் எழுதினார். பிள்ளையைக் கட்டிக்கொள்ளாதே, முத்தம் கொடுக்காதே, காலையில் கை குலுக்கு. பிள்ளை என்ன, ஹெட் ஆபீசிலிருந்து வந்த மேனேஜரா? பிற்காலத்தில் வாட்சனே, அதை எழுதும் அளவுக்குத் தனக்கு விஷயம் தெரிந்திருக்கவில்லை என்று ஒத்துக்கொண்டார். அதற்குள் ஒரு தலைமுறை கை குலுக்கி வளர்ந்துவிட்டது.

மூன்றாமவர் ழான் பியாஜே. சுவிட்சர்லாந்துக்காரர். பழமொழியைத் தலைகீழாகத் திருப்பியவர். ஆரம்பம் முழுக்க நத்தை, சிப்பி ஆராய்ச்சி. இருபது வயதைத் தாண்டியதும் பாரிஸில் ஒரு வேலை. பிள்ளைகளுக்குப் புத்திப் பரீட்சை வைத்து, சரியான விடைகளை எண்ணி எழுத வேண்டும். மனுஷனுக்குச் சரியான விடையில் சுவாரசியமே இல்லை. ஒரே வயசுப் பிள்ளைகள் ஒரே மாதிரித் தப்பு செய்கிறார்களே, எப்படி என்று தோண்ட ஆரம்பித்தார். 1921இல் ஜெனிவாவில் வேலை கிடைத்தது. அந்த நிறுவனத்தின் பெயர் என்ன தெரியுமா? ரூசோ நிறுவனம்!

பிறகு சொந்த வீடே சோதனைக்கூடம். ஜாக்லின், லூசியென், லோரான் என்று மூன்று பிள்ளைகள். பொம்மையைத் துணிக்கடியில் ஒளித்துவைத்து, தேடுகிறதா என்று பார்ப்பார். தேடவில்லையா? நோட்டில் குறிப்பு. மனைவி வாலன்டீனும் இதில் கூட்டு. பிற்பாடு, குட்டை டம்ளர் தண்ணீரை ஒல்லி டம்ளரில் ஊற்றிக் காட்டினால், ஐந்து வயசு 'இதில்தான் நிறைய' என்று அடித்துச் சொல்வதையும் கண்டார். முட்டாள்தனம் அல்ல, அந்த வயசின் தர்க்கம் அப்படி. இதெல்லாம் சேர்ந்து சிந்தனை வளர்ச்சியின் நான்கு நிலைகளாயின. அமெரிக்காவில் பேசப் போனால், நிலைகளைச் சீக்கிரம் தாண்டவைப்பது எப்படி என்றே கேட்டார்கள். அதற்கு 'அமெரிக்கக் கேள்வி' என்று பெயர் வைத்தார். நம்மூர் எல்.கே.ஜி. அட்மிஷன் க்யூவை அவர் பார்த்ததில்லை, பாவம்.

பியாஜே பிறந்த அதே 1896இல் ரஷ்யப் பேரரசில் பிறந்தவர் வைகாட்ஸ்கி. பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று எத்தனை நாள் காத்திருப்பது? தனியாக முடியாததை யாராவது கைகொடுத்தால் செய்துவிடும், பாடம் நடக்க வேண்டியது அந்த இடைவெளியில்தான் என்றார். பியாஜேயையும் ஒரு பிடி பிடித்தார். 1934இல் காசநோயில் போய்ச் சேர்ந்தபோது வயது 37. அவருடைய எழுத்துகளை ஸ்டாலின் ஆட்சி மூட்டை கட்டி வைத்தது. பியாஜேயின் பதில் அச்சில் வந்தபோது ஆண்டு 1962. இவ்வளவு நிதானமான சண்டையைச் சரித்திரம் கண்டதில்லை.

இப்போது நம் வகுப்புக்கு வருவோம். 42இல் 17 போனால் 35 என்று ஒரு பிள்ளை எழுதுகிறது. சிவப்பு மையில் பெருக்கல் குறி போட அரை நொடி போதும். 'எப்படிப்பா வந்துச்சு?' என்று கேட்டால்? '2இல் 7 போகாது, அதனால் 7இல் 2 போனால் 5' என்று பதில் வரும். பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று போன வருஷம் சொல்லிக்கொடுத்தது யார்? நாம்தான். பிள்ளை அதை விசுவாசமாகக் கடைப்பிடித்திருக்கிறது. கேட்கச் சொன்னவர் பியாஜே. பத்துக் குச்சிக் கட்டு ஒன்றைப் பிரித்துக் கொடுத்து, 'இப்போ 12இல் 7 எடு' என்று கூட உட்காரச் சொன்னவர் வைகாட்ஸ்கி. வாட்சன் சொன்னபடி கை வேண்டுமானால் குலுக்கிக்கொள்ளலாம், விடை வந்த பிறகு.

இந்தப் பெயர்களையெல்லாம் நம் ஆசிரியர்கள் கரைத்துக் குடித்தாக வேண்டும். ஆசிரியர் தகுதித் தேர்வில் குழந்தை வளர்ச்சிக்கு 30 மார்க். எல்லாம் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். தப்பான விடைக்குள் என்ன இருக்கிறது என்று ஆயுள் முழுக்கத் தேடிய பியாஜேயைப் பற்றி ஒரு கேள்வி வரும். தப்பாக எழுதினால் அந்த மார்க் போச்சு. ஏன் அப்படி எழுதினீர்கள் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.