சில்க் போர்டில் விழாத விண்கலம்

சைபர்ட்ரான் என்ற கிரகத்திலிருந்து புறப்பட்ட ஒரு விண்கலம், நாற்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் அமெரிக்காவின் ஆரிகன் பக்கம் ஒரு எரிமலையில் மோதிச் செயலற்றுக் கிடக்கிறது. உள்ளே இரண்டு கட்சி ரோபோக்கள். ஆட்டோபாட் நல்ல கட்சி, டிசெப்டிகான் கெட்ட கட்சி. 1984இல் எரிமலை குமுறியதில் கலத்தின் கம்ப்யூட்டர் கண் விழிக்கிறது. இந்த ஊரில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துவர ஒரு கருவியை அனுப்புகிறது. அதுவும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, இங்கே வாழும் உயிரினம் காரும் லாரியும் விமானமும்தான் என்று ரிப்போர்ட் கொடுக்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பி, இரண்டு கட்சி ரோபோக்களையும் அதே உருவங்களுக்கு மாறும்படி பழுதுபார்த்து எழுப்பிவிடுகிறது. வெளியே வந்த ஆட்டோபாட்கள், நிறுத்தி வைத்திருந்த கார்களிடம் போய் மரியாதையாகப் பேச்சுக் கொடுக்கின்றன. மார்வெல் வெளியிட்ட ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ காமிக்ஸ் இப்படித்தான் தொடங்குகிறது.

ஆரிகனில் இது அபத்தம். அந்தக் கருவி பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பில் மாலை ஆறரை மணிக்குப் பறந்திருந்தால், ரிப்போர்ட்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. இந்த நகரத்தில் பதிவான வண்டிகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. மனிதன் என்பவன் வண்டிக்குள் இருந்துகொண்டு ஹாரனை அழுத்தும் ஒரு சிறு உறுப்பு, அவ்வளவுதான். நடைபாதையில் நடந்தால் பின்னாலிருந்து ஸ்கூட்டர் ஒன்று, ஒதுங்கக்கூடாதா என்று அதட்டுகிறது. குரல் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்தாலும் அதிகாரம் ஸ்கூட்டருடையது.

இந்தக் கதையின் ஆரம்ப இதழ்கள் சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய புத்தகக் கடையின் மாடியில் எனக்குக் கிடைத்தன. முன்பு வைத்திருந்த புண்ணியவான், கெட்ட கட்சி ரோபோ ஒவ்வொன்றுக்கும் நீல பால்பாயின்ட் பேனாவால் மீசை வரைந்திருந்தார். முறுக்கு மீசை, அரும்பு மீசை, தலைவர் மெகாட்ரானுக்கு மட்டும் கிருதாவோடு சேர்ந்த மீசை. புத்தகத்தைக் கெடுத்துவிட்டான் பாவி என்று முதலில் கோபம் வந்தது. பத்துப் பக்கம் தாண்டியதும் நன்றி வந்தது. எல்லாமே தகரம், எல்லாமே துப்பாக்கி. மீசை இல்லையென்றால் யார் எந்தக் கட்சி என்று எனக்குக் கடைசிவரை பிடிபட்டிருக்காது.

எங்கள் காலத்தில் இந்தச் சிக்கலே இல்லை. சிவகாசியிலிருந்து 1972இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் வந்தது. அதே ஊரிலிருந்து 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. லயனில் எங்களுக்கு வாய்த்த ரோபோ சட்டித்தலையன் ஆர்ச்சி. பிறந்தது இங்கிலாந்தில். ஆனால் சுயபுராணமும் அலட்டலும் எடுத்ததற்கெல்லாம் கை ஓங்குவதுமாக, இரும்பில் வார்த்த தாய்மாமன் மாதிரியே இருந்தான். அவனை யாரும் சந்தேகப்பட்டதாக நினைவில்லை.

அமெரிக்காவில் விஷயம் வேறு. அங்கே கதைக்கு முன்பே பொம்மை வந்துவிட்டது. ஜப்பானில் டகாரா நிறுவனம் விற்ற பொம்மைகளை ஹாஸ்ப்ரோ வாங்கிவந்து, இவற்றுக்கு ஒரு கதை வேண்டுமே என்று மார்வெலின் கதவைத் தட்டியது. பாப் புடியான்ஸ்கி என்பவர் உட்கார்ந்து பொம்மைகளுக்குப் பெயரும் குணமும் எழுதிக் கொடுத்தார். நான்கு இதழோடு முடிப்பதாகத்தான் பேச்சு. 80 இதழ் ஓடி 1991இல்தான் நின்றது. நான்கு இதழ்த் தொடரில் இது எண்பதாவது என்று கடைசி இதழின் அட்டையில் அவர்களே போட்டுக்கொண்டார்கள். 2017இல் ஆரம்பித்து ஆண்டுக்கணக்கில் இழுபட்ட பெங்களூர் ஈஜிபுரா மேம்பாலத்தை அண்ணாந்து பார்த்துப் பழகிய எவருக்கும் இந்த ஜோக்கை விளக்கவேண்டியதில்லை.

ஜப்பானில் அவை தானாக யோசிக்கும் ரோபோக்களே இல்லை. டயாக்ளோன் என்ற அந்த வரிசையில் ஒவ்வொரு காருக்குள்ளும் ஒரு குட்டி ஓட்டுநர் உண்டு. ஒரு அங்குல உயரம், பாதத்தில் காந்தம். அமெரிக்காவில் ரோபோவுக்கே உயிர் வந்துவிட்டதால் ஓட்டுநருக்கு வேலை போயிற்று. அச்சு மட்டும் பழைய அச்சு. அதனால் பல பொம்மைகளில் ஆளில்லாத ஓட்டுநர் இருக்கை அப்படியே தங்கிவிட்டது.

சண்டையைவிட இந்தக் கதையில் என்னைச் சிரிக்கவைப்பவர்கள் மனிதர்கள். மூன்றாவது இதழில் டிசெப்டிகான்கள் ஒரு கோட்டை கட்டிவிடுகிறார்கள். சுற்றி ராணுவம் நிற்கிறது. உதவிக்கு ஸ்பைடர்மேனே வந்து சேர்கிறான். ராணுவத்துக்கு நல்ல ரோபோ, கெட்ட ரோபோ என்ற பேதமெல்லாம் கிடையாது, அசைந்தால் சுடு. இதை என் மகனுக்கு வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தேன். கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“எய்யா, சுடுறதுக்கு முன்னால நீ யாரு கட்சின்னு ஒரு வார்த்தை கேட்டா என்னவாம்?”

கோட்டையைச் சுற்றி நின்ற அத்தனை தொப்பிகளுக்கும் தோன்றாத கேள்வி.

“மீசை இருந்தா கெட்டவன், ஆச்சி” என்றான் மகன்.

“அப்ப உங்க தாத்தாவையும் சுட்டுருப்பாங்க.”

சந்தேகத்துக்கு ஒரு தெய்வம் வைத்தால் அது இதே காமிக்ஸில் வரும் ஜோசி பெல்லர்தான். எண்ணெய்க் கம்பெனியில் கம்ப்யூட்டர் நிபுணர். ஷாக்வேவ் என்ற கெட்ட ரோபோவின் தாக்குதலில் உடம்பு செயலிழந்துபோகிறது. உடம்பெங்கும் மின்சுற்றுகளைப் பதித்துக்கொண்டு சர்க்யூட் பிரேக்கர் என்ற பெயரில் எழுந்து வருகிறாள். அவள் அகராதியில் ரோபோ என்றால் ரோபோ. மன்னிப்புக் கேட்கும் ரோபோ, உதவ வந்த ரோபோ, வழி தெரியாமல் நிற்கும் ரோபோ, எல்லாவற்றுக்கும் ஒரே ஷாக். ஒருவன் செய்ததற்கு இனத்தையே தண்டிக்கும் இந்த நீதிமுறை நமக்குப் பழக்கமானதுதான். பெங்களூரில் வீடு பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்: முன்பு குடியிருந்த பேச்சிலர் ஒருவன் குழாயை மூடாமல் போனதற்காக, உலகத்தின் பேச்சிலர்கள் அத்தனை பேருக்கும் அந்தக் கதவு சாத்தியே இருக்கும்.

ஆனால் பிறகு கதையையும் எழுதிய புடியான்ஸ்கியின் உச்சம் 1986இல் வந்த பதினைந்தாவது இதழ். நாட்டில் ரோபோக்கள் திரிகின்றன, மக்கள் நடுங்குகிறார்கள். அரசாங்கத்தின் உளவுத்துறை கூடி யோசிக்கிறது. ரோபோவை ஒழிக்க வழியில்லை, பயத்தையாவது ஒழிப்போம். என்ன செய்கிறார்கள் என்றால், காசில்லாமல் கிடந்த டானி ஃபிங்கிள்பெர்க் என்ற காமிக்ஸ் எழுத்தாளரைப் பிடித்துவந்து, வேஷம் கட்டி, நான்தான் ரோபோ மாஸ்டர், இத்தனை ரோபோக்களையும் ஆட்டிவைக்கும் தீவிரவாதி நானே என்று அறிவிக்கச் சொல்கிறார்கள். வேற்றுக் கிரகத்து எந்திரம் என்றால்தான் ஜனங்களுக்குக் குலை நடுங்கும். அயோக்கியத்தனம் செய்பவன் மனிதன் என்று தெரிந்தால் ஆறுதலாகிவிடுவார்கள் என்பது கணக்கு. எழுத்தாளரும் ஒத்துக்கொள்கிறார். காமிக்ஸுக்குக் கிடைப்பதைவிட வில்லன் வேலைக்குச் சம்பளம் அதிகம். கடைசியில் நிஜ மெகாட்ரானின் கையில் போய் மாட்டிக்கொள்கிறார். எழுதிப் பிழைப்பவன் எவனும் இந்த இதழைச் சிரித்துக்கொண்டு மட்டும் படித்துவிட முடியாது.

இருபத்து மூன்றாவது இதழில் இரண்டு டிசெப்டிகான்கள் கார் வேஷத்தில் ஊர் சுற்றி, கண்ணில் படும் நினைவுச்சின்னத்தில் எல்லாம் மனிதர்களைக் கோழை என்று கிறுக்கிவைக்கிறார்கள். சுதந்திர தேவி சிலையும் தப்பவில்லை. அமெரிக்கா கொதிக்கிறது. எங்கள் ஊர் லால்பாக் பூங்காவில் 300 கோடி ஆண்டு வயதான பாறை இருக்கிறது. பக்கத்திலிருக்கும் கற்றாழை மடலில் எல்லாம் இதயம் கீறி, அம்பு விட்டு, இரண்டு பெயர் எழுதியிருக்கிறார்கள். எந்த டிசெப்டிகானும் சைபர்ட்ரானிலிருந்து அதற்காக வந்ததாகத் தகவல் இல்லை.

ஃபிங்கிள்பெர்கை வேஷம் கட்டவைத்த அதிகாரி பெங்களூரில் ஒரு வருஷம் குடியிருந்திருந்தால் அவர் கணக்கு தலைகீழாகியிருக்கும். இங்கே எந்திரத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. மனிதன் என்றால்தான் நடுக்கம்.

பொம்மனஹள்ளியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஒரு ஆப் ஆட்சி செய்கிறது. வருகிறவர் பெயரையும் படத்தையும் காவலாளி அதில் ஏற்றுவார். என் போனில் மணி அடிக்கும். நான் சம்மதம் கொடுத்தால்தான் கேட் திறக்கும். அன்று மதியம் தரை கூட்டும் ரோபோ ஒன்றை ஆர்டர் செய்திருந்தோம். டெலிவரிக்கு முன்னனுமதி தானாகவே உண்டு என்பதால் அது அட்டைப்பெட்டிக்குள் இருந்தபடியே ஜம்மென்று உள்ளே போய், லிஃப்டில் ஏறி, நாலாவது மாடியில் இறங்கிவிட்டது. அதே நேரம் கீரை வாங்கப் போய்த் திரும்பிய அம்மாவைப் புதிதாக வந்த காவலாளி நிறுத்திவிட்டார். நான் ஆபீஸ் மீட்டிங்கில் போனை ஊமையாக்கி வைத்திருந்தேன். கடைசியில் பார்த்தபோது திரையில் அம்மாவின் படம்; கையில் அரைக்கீரைக் கட்டு, முகத்தில் சர்க்யூட் பிரேக்கர். கீழே இரண்டு பொத்தான்: அனுமதி, மறுப்பு.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அந்தத் தட்டு ரோபோவின் பின்னாலேயே விளக்குமாற்றோடு நடந்துகொண்டிருந்தாள். அது கூட்டிய இடத்தை மறுபடி கூட்டுகிறாள்.

“ஏம்மா, அதுதான் கூட்டுதே?”

“மூலைக்குப் போகமாட்டேங்குது. சம்பளமும் கேக்கல. சம்பளம் கேக்காம ஒருத்தன் வேலை செஞ்சா கண்ணு வைக்கணும்யா.”

நானும் தினமும் சந்தேகிக்கப்படுகிறேன். நான் ரோபோ இல்லை என்று பேங்க் வெப்சைட்டில் சத்தியம் செய்யவேண்டியிருக்கிறது. சாட்சியாக, கட்டங்களில் எங்கெல்லாம் சிக்னல் விளக்கு இருக்கிறது என்று தொட்டுக்காட்ட வேண்டும். பெங்களூரில் வண்டி ஓட்டுகிற ஒருவனிடம் இதைக் கேட்பது அராஜகம்.

எந்திரத்தோடு கலக்க இந்த ஊருக்குத் தயக்கமே இருந்ததில்லை. இஸ்ரோவின் ரோபோப் பெண் வியோமித்ரா 2020 ஜனவரியில் இங்கேதான் முதலில் மேடை ஏறினாள். கால் கிடையாது, இரண்டு மொழி பேசுவாள். கூட்டத்துக்குக் கை தட்டத்தான் தோன்றியது. ஆட்டோக்காரர் யாராவது இருந்திருந்தால் கன்னடா பருத்தா என்று கேட்டிருப்பார், அவ்வளவுதான். அதற்கும் முன்பே ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே எழுத்தாளர் சுஜாதா, ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற ரோபோ நாயை உருவாக்கினார். அதில் நாயை நம்பலாம், ஆட்சியிலிருக்கும் மனிதர்களைத்தான் நம்ப முடியாது. அதே சுஜாதா ஆபீஸில் மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்திலும் பங்கெடுத்தார். அதற்கு மட்டும் ஜீனோவின் அதிர்ஷ்டம் இல்லை. 1982இல் கேரளத்துப் பரவூரில் முதன்முதலாக எந்திரத்தில் ஓட்டுப் போட்டார்கள். எந்திரம் வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போன சிவன் பிள்ளை, அதே எந்திரத்தில் 123 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்ற ஏ.சி. ஜோஸ் கோர்ட்டுக்குப் போனார். எந்திரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட, சீட்டில் மறுபடி குத்தியபோது ஜோஸ் ஜெயித்தார். தப்பாக எண்ணியதாக எந்திரத்தின் மேல் ஒரு குற்றமும் நிரூபணமாகவில்லை. மீசை வரைவதற்கும் அதில் இடம் போதாது.

2025 ஆகஸ்ட் 10 அன்று மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்தது. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர், 16 நிலையம். ஓட்டுநர் இல்லாமலே ஓடக்கூடிய ரயில். ஆனாலும் தொடக்கத்தில் ஒரு ஓட்டுநரை உட்காரவைத்துத்தான் ஓட்டினார்கள். ஹாஸ்ப்ரோ வெளியே எடுத்த அந்த ஒரு அங்குல ஆளை நம்மவர்கள் தேடிப்பிடித்து, சீருடை மாட்டி, பழைய இருக்கையிலேயே உட்காரவைத்துவிட்டார்கள் என்று தோன்றியது. ராகிகுட்டா ஆஞ்சநேயர் கோயிலுக்கு அம்மாவை அதில் கூட்டிக்கொண்டு போனேன். ஆளில்லாத ரயில் என்று பெருமையாகச் சொல்லித்தான் ஏற்றியிருந்தேன். அம்மா முன்பக்கம் எட்டிப்பார்த்தாள்.

“ஆளில்லாத ரயிலுன்ன, அங்க ஒருத்தர் இருக்காருலா?”

“ரயில் தானாவே ஓடும்மா. அவர் சும்மா பாத்துக்கிட்டு இருப்பார்.”

“சும்மா பாக்கதுக்குச் சம்பளம் உண்டா?”

“உண்டு.”

“அப்ப உன் வேலை மாதிரின்னு சொல்லு.”