காபிக் குறைப்பாளருக்கான தேயிலைத் தேர்வு: ஒரு வகைப்பாட்டியல் அணுகுமுறை

காபியைக் குறைத்தல் வேறு, காபியை நிறுத்துதல் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கொள்வதால் இத்துறையில் நெடுங்காலமாகக் குழப்பம் நிலவுகிறது. நிறுத்துபவர் ஒரு நாள் இரவு முடிவெடுத்து, மறுநாள் பதினொரு மணிக்குள் அதைத் திரும்பப் பெறுபவர். குறைப்பவர் நிதானி. எழுந்ததும் குடிக்கும் முதல் காபியின்மேல் அவர் கைவைப்பதில்லை. அதைப் பற்றிப் பேச்செடுக்கவும் விடுவதில்லை. பத்தரை மணிக் காபி, மூன்றரை மணிக் காபி, யாரோ வந்ததற்காகப் போட்ட காபி, அப்படிப் போட்டதில் மிஞ்சியதால் குடித்த காபி ஆகிய நான்கில் எதை விடலாம் என்பதே அவருடைய ஆராய்ச்சி. விட்ட இடத்தில் எதை வைப்பது என்பது இக்கட்டுரையின் பொருள். தேயிலையை வைக்கலாம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எந்தத் தேயிலை என்று கேட்டால்தான் வீட்டிலுள்ளவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள்.

முதலில் காஃபீன். ஜெர்மன் வேதியியலர் ருங்கே 1819இல் காபிக்கொட்டையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். தேயிலையில் கிடைத்த பொருளுக்கு 1827இல் 'தேயின்' என்று தனிப்பெயர் சூட்டினார்கள். இரண்டும் ஒரே பொருள்தான் என்பது 1838இல் உறுதியாயிற்று. "டீயில அதெல்லாம் கெடையாது" என்று கல்யாண வீடுகளில் உறுதி கூறும் சித்தப்பாக்கள் 1838க்கு முந்தைய அறிவியல் மரபைச் சேர்ந்தவர்கள். மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரச்சேரக் களைப்பு தெரியும். அது உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. களைப்பு தீர்வதில்லை, தெரியாமல் இருக்கிறது. 240 மில்லி வடித்த காபியில் சுமார் 95 மில்லிகிராம் காஃபீன் இருக்கும் என்றும், அதே அளவு கறுப்புத் தேநீரில் ஏறக்குறைய அதில் பாதி என்றும் பொதுவான அட்டவணைகள் சொல்கின்றன. இதிலிருந்து ஒரு கணக்கு பிறக்கிறது. மூன்று காபியை விட்டுவிட்டு, 'டீதானே' என்று ஆறு டீ குடிப்பவர் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறார். கூடுதலாக மூன்று முறை சர்க்கரையும் சேர்ந்திருக்கும்.

வழக்கமான காபி வராத 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். சிலருக்கு அது ஒரு வாரம் வரையும் நீடிக்கும். இதை நடிப்பு என்று கருதும் குடும்பங்கள், அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் காஃபீன் விலக்கம் ஒரு கோளாறாக ஏற்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சிக்கரியில் காஃபீன் துளியும் கிடையாது. இந்தியச் சட்டப்படி காபி-சிக்கரிக் கலவையில் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம். ஆக, காபிக் குறைப்பின் பாதி வேலையை நுகர்வோருக்குத் தெரியாமலேயே கடைக்காரர் முடித்துக் கொடுத்திருக்க வாய்ப்புண்டு.

காபியிலிருந்து தேயிலைக்கு மாறியதில் வரலாறு கண்ட மாபெரும் முன்னோடி ஒரு தனி மனிதர் இல்லை, ஒரு தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையின் மலைநாடு முழுக்கக் காபித் தோட்டம். 1869இல் இலைகளின் அடிப்புறத்தில் ஆரஞ்சுநிறப் பொடி தென்பட்டது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அது தீவின் காபித் தொழிலை முடித்துவைத்தது. பூஞ்சை தென்படுவதற்கு இரண்டாண்டு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். மருத்துவர் சொல்லிக் காபியைக் குறைத்தவர்கள் உண்டு. பூஞ்சை சொல்லிக் குறைத்த நாடு இது. அந்த மாற்றத்தின் சுமை யார் தோளில் விழுந்தது என்பது வேடிக்கைக்கு உரியதில்லை. காபி ஒரு பருவத்தில் மட்டும் பழுப்பது; அறுவடை முடிந்ததும் தமிழகத்துத் தொழிலாளர்களில் பலர் ஊர் திரும்பினார்கள். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. அதைக் கிள்ள ஆள் வேண்டும் என்பதால் குடும்பம் குடும்பமாக லயன்கள் என்ற வரிசை வீடுகளில் தங்க நேர்ந்தது. மலையகத் தமிழர் என்ற சமூகம் அங்கேயே வேரூன்றியதில் இந்தப் பயிர்மாற்றத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

தனிநபர்களின் மாற்றம் பெரும்பாலும் தோல்வியில் முடிவதற்குக் காரணம் தேர்வுப் பிழை. காபியை விடுபவர் ஒரே நாளில் நல்லவராகிவிட ஆசைப்பட்டு, காபிக்கு எல்லா வகையிலும் எதிரான ஒன்றைத் தேடிப்போகிறார். பாலில்லாத, சர்க்கரையில்லாத, நூல் கட்டிய ஒரு பச்சைத் தேயிலைப் பை அவருக்குக் கிடைக்கிறது. அதன்மேல் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றி, பையைக் கோப்பையிலேயே ஊறவிட்டு, போன் பேசிவிட்டு வந்து குடிக்கிறார். கிரீன் டீக்கு 70 முதல் 80 டிகிரி போதும். அதற்கு மேலே போனால் துவர்ப்பும் கசப்பும் கட்டுமீறி இறங்கிவிடும். கொதித்த நீரை இறக்கிவைத்துச் சில நிமிடம் கழித்து ஊற்றி, இரண்டு நிமிடத்தில் பையை எடுத்துவிட்டால் முடிந்தது. இது எந்தப் பெட்டியின் பின்புறத்திலும் அச்சிட்டிருக்கிறது. அதைப் படிப்பவர்கள் இன்னும் அறியப்படவில்லை.

சரியான முறை, இழந்தது எது என்று முதலில் கண்டறிவது. காபியில் பலருக்கு வேண்டியிருந்தது பலவாக இருந்திருக்கிறது. அதற்கேற்பக் குறைப்பாளர்கள் வகைப்படுகிறார்கள்.

பெரும்பான்மையினர் பால் பிரிவினர். இவர்கள் குடித்தது காபி வாசனை பிடித்த பால்தான். ஆனால் அதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வது ஆய்வு நெறிக்கு ஏற்றதன்று. இவர்களுக்கு மாற்றம் மிக எளிது. 1930களில் அஸ்ஸாமில் வில்லியம் மெக்கர்ச்சர் உருவாக்கிய இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, சுருட்டிய குருணைத் தேயிலைதான் சி.டி.சி. நிறமும் கடுப்பும் சட்டென்று இறங்கும். பாலை ஊற்றினாலும் தலைகுனியாது. பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொள்வதால் நாக்கில் பிடிக்கும் கரகரப்பு அடங்குகிறது. அஸ்ஸாம் குருணைக்கு முறுகிய தானிய வாசனை உண்டு. நீலகிரி டஸ்டுக்கு அது குறைவு, தெளிவு கூடுதல். இரண்டையும் கலந்து வைத்திருக்கும் டீக்கடைகளின் பக்கத்தில் எப்போதும் ஆள் நிற்கும். இஞ்சியைத் தட்டிப்போட்டால் இந்தப் பிரிவினரின் பத்தரை மணி பிரச்சினை அன்றே தீர்ந்துவிடுகிறது. ஏலக்காய் போடலாம். இரண்டையும் சேர்த்துப் போடுபவர்கள் எந்தத் தேயிலையை வாங்கினாலும் ஒன்றுதான்.

வறுவல் பிரிவினர் சிறுபான்மையினர், ஆனால் பிடிவாதக்காரர்கள். காபிக்கொட்டை வறுக்கும் கடையைத் தாண்டும்போது நடையைக் குறைப்பவர்கள் இவர்கள். வறுத்த மணம் இல்லாத எதுவும் இவர்களுக்குக் கஷாயம். ஜப்பானில், கியோட்டோவில், 1920களில் பரவிய ஹோஜிச்சா இவர்களுக்கென்றே செய்தாற்போல் இருக்கும். முற்றிய இலையையும் காம்பையும் மிகுந்த சூட்டில் வறுக்கிறார்கள். பச்சை நிறம் போய்ச் செம்பழுப்பாகிறது. வறுத்த காபியின் மணத்தில் இருக்கும் பைரசீன் வகைப் பொருள்கள் இதிலும் உண்டாவதால் மூக்கு ஏமாறுவதற்கு முறையான வேதியியல் காரணம் இருக்கிறது. காஃபீனும் குறைவு. பொரித்த அரிசி சேர்த்த கென்மைச்சாவும் இவ்வரிசையில் வரும். வரகரிசிப் பொரியை வெந்நீரில் போட்டதுபோல் இருக்கிறது என்று மதிப்புரை கிடைத்தால் அதைப் பாராட்டாகவே கொள்ளலாம். சீனாவின் வூயி மலைப்பகுதியில் பைன் விறகுப் புகையில் உலர்த்தும் லாப்சாங் சூச்சாங் மிகத் தீவிரர்களுக்கு மட்டும். அது கொதிக்கும்போது பக்கத்து வீட்டிலிருந்து வந்து, அடுப்பில் எது கருகுகிறது என்று கேட்பார்கள்.

மணப் பிரிவினர் காபியைக் குடிப்பதற்கு முன் முகர்பவர்கள். இவர்களுக்காக இக்கட்டுரை சற்று நின்று போவது தகும். தமிழகத்திலேயே, நீலகிரியில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவுக் குளிரில் கொழுந்து மெதுவாக வளர்கிறது. அந்தப் பருவத்துத் தேயிலையை நசுக்காமல் முழு இலையாகச் சுருட்டிச் செய்வதை 'ஆர்த்தடாக்ஸ்' என்பார்கள். இரண்டு கிராம் இலையை வெள்ளைப் பீங்கானில் போட்டு வெந்நீர் ஊற்றினால் முதல் நிமிடம் ஒன்றும் நடப்பதில்லை. காபிக்காரர் இங்கேதான் நம்பிக்கை இழக்கிறார். பிறகு கறுத்த சுருள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, ஓரத்தில் பல்விளிம்போடு முழு இலையாகக் கீழே படிகிறது. நீர் தேன் நிறத்துக்கு வந்து பூவாசனை எழுகிறது. இதில் பால் ஊற்றுவது குற்றமில்லை, ஆனால் செலவழித்த பணம் வீண். இதே நீலகிரியில் விளைவதில் பெரும்பங்கு சி.டி.சி.யாகி, 1963 முதல் ஏலம் நடந்துவரும் குன்னூர் வழியாக வெளியேறிவிடுகிறது. ஆர்த்தடாக்ஸ் வேண்டுமென்று மளிகைக் கடையில் கேட்டால், 'அது என்ன கம்பெனி' என்று திருப்பிக் கேட்பார்கள்.

டார்ஜிலிங்கின் கோடைப் பறிப்புக்கு மஸ்கட் திராட்சை போல் ஒரு மணம் சொல்லப்படுகிறது. இலங்கையின் ஊவாத் தேயிலையில் ஜூலை முதல் செப்டம்பர் வரை உலர்காற்று வீசும் நாள்களில் ஒரு குளிர்ச்சியான நெடி சேரும். அதற்குக் காரணமான பொருள்களுள் ஒன்று மெதில் சாலிசிலேட். வலித் தைலங்களில் இருப்பதும் அதுவே. காபி விட்ட தலைவலிக்காரர் ஊவாவைத் தேர்ந்தெடுத்தால் அது மருந்தா பானமா என்ற வினா எழலாம். கோப்பையில் உள்ள அளவு வாசனைக்கு மட்டுமே காணும். நெற்றியில் தடவிப் பயனில்லை.

மல்லிகைத் தேநீரையும் இப்பிரிவிலேயே சேர்க்க வேண்டும். சீனாவின் ஃபூஜோவில் பகலில் மொட்டாகப் பறித்து, இரவில் அது விரியும்போது தேயிலையோடு கலந்துவைக்கிறார்கள். காலையில் வாடிய பூவை நீக்கிவிட்டு, புதுப் பூவோடு மறுபடியும் அதையே செய்கிறார்கள். அங்கே பயன்படும் பூ ஜாஸ்மினம் சம்பக். மதுரை மல்லியும் அதே இனம். இருந்தும் மதுரையில் அது தலைக்கும் சாமிக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறதே ஒழியக் கோப்பைக்கு வருவதில்லை.

எஞ்சியோர் சடங்குப் பிரிவினர். இவர்களுக்குக் காபியைவிடப் பில்டரின் தலையில் தட்டுவதும், டிகாக்‌ஷன் இறங்கக் காத்திருப்பதும், டபராவுக்கும் டம்ளருக்கும் இடையே ஆற்றுவதும் முக்கியம். தேயிலையில் இவற்றுக்கு ஈடு தேடினால் விதிமுறைகளை நாடுவது நல்லது. பிரித்தானியத் தர நிர்ணய நிறுவனம் 1980இல் தேநீர் தயாரிப்பதற்கென்றே BS 6008 என்ற தரநிலையை ஆறு பக்கத்தில் வெளியிட்டது: 100 மில்லி நீருக்கு இரண்டு கிராம் இலை, ஆறு நிமிடம். இலக்கியத்துக்கான இக் நோபல் பரிசு 1999இல் இந்த ஆவணத்துக்குக் கிடைத்தது. ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் ஒரு நாளிதழில் பதினொரு விதிகள் வகுத்திருந்தார். இரண்டிலும் ஆற்றுவது பற்றி ஒரு சொல் கூட இல்லை என்பதால் தமிழ்நாட்டு ஆய்வாளர்களுக்கு இன்னும் இடமிருக்கிறது.

துளசி, செம்பருத்தி, ஆவாரம்பூ முதலியவற்றில் போட்ட நீருக்குத் தேநீர் என்று பெயர் வழங்கினாலும் அவற்றில் தேயிலை இல்லை. காஃபீனும் இல்லை, ஆகவே இரவு நேரத்துக்கு உகந்தவை. சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி சேர்ந்த சுக்குக் காபியும் இவ்வகையே. பெயரளவில் காபியை விடாமல் பொருளளவில் விட்டுவிட விரும்பும் குறைப்பாளருக்கு இதைவிடக் கௌரவமான வழி வேறில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை இரண்டு செய்திகள் போதும். குடித்த காஃபீனில் பாதி கழிய ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். எனவே முதலில் விட வேண்டியது மாலைக் காபி. சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேர இடைவெளி நல்லது. உறவினர் வீடுகளில் 'அரை டம்ளர்தானே, ஒண்ணும் ஆகாது' என்று நீட்டப்படும் காபி எந்தக் கணக்கிலும் சேராது என்பது எல்லாப் பிரிவினரும் ஏற்றுக்கொண்ட மரபு.

இறுதியாகச் சேமிப்பு. மல்லிகையின் மணத்தை ஒரே இரவில் உறிஞ்சும் இலை, பக்கத்தில் இருக்கும் எதன் மணத்தையும் உறிஞ்சும். தேயிலையைக் காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாமல், பெருங்காயத்துக்கும் சாம்பார்ப் பொடிக்கும் எட்டாத தட்டில் வைக்க வேண்டும். காபிப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் மூடி தளர்ந்து இருந்துவிட்டால் சில வாரங்களில் தேயிலையே காபி வாசனை அடிக்கத் தொடங்கும். வறுவல் பிரிவினரில் சிலர் இதைத் தெரிந்தே செய்கிறார்கள்.