தகரத் தயவு

கார் நிக்கோபார் தீவின் பழைய வீடு தேன்கூடு போல உருண்டு, ஆளுயரக் கால்களில் நிற்கும். தடித்த புல்கூரை வெயிலை மறிக்கும். தரையின் இடுக்கு வழியே கடற்காற்று ஏறி வரும். வெக்கை தாங்காத மதியத்தில் வீட்டுக்கு அடியிலேயே படுத்துக்கொள்ளலாம். கரண்ட் பில் கிடையாது. வரைபடத்தில் பொறியாளர் கையெழுத்தும் கிடையாது. அந்த ஒரு குறைதான்.

2004 சுனாமிக்குப் பின் அரசு தயவு பண்ணிக் கொட்டகை போட்டுக் கொடுத்தது. முழுக்கத் தகரம்! ஒன்பதாம் அட்சரேகை வெயிலில் ஜனம் வெந்தது. பிறகு வந்த நிரந்தர வீடுகளுக்கும் தகட்டுக் கூரையே. உள்ளே ஃபேன் ஓட டீசல் கரண்ட். அந்த டீசலும் கப்பலில் வரவேண்டும்.

அதிகாரிகளே, அடுத்த டெண்டருக்கு முன் ஒரு மதியம் அந்தப் புல்வீட்டுக்கடியில் படுத்துப் பாருங்கள். பயணப்படி உண்டு.