அந்த 130 யார் வாங்கிய மார்க்?

கேள்வி: அப்பாவுக்கு ரத்த அழுத்தம் 160-லிருந்து 130-க்கு இறங்கிவிட்டது. "அதான் குணமாயிடுச்சே, இனி மாத்திரை எதுக்கு?" என்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: 130 என்பது அப்பாவும் மாத்திரையும் சேர்ந்து பரீட்சை எழுதி வாங்கிய மார்க். கூட எழுதியவரை வெளியே அனுப்பிவிட்டால் அடுத்த மார்க் என்ன ஆகும் என்று கேளுங்கள். ரத்த அழுத்தம் பெரும்பாலும் தலைவலிகூடத் தராது. வருடக்கணக்கில் உள்ளேயே இருந்துவிட்டு, பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ திடீரென்று முகம் காட்டும். அதனால் 'நல்லாத்தானே இருக்கேன்' என்பதை நம்பாதீர்கள். கருவி காட்டும் எண்ணை நம்புங்கள்.

மாத்திரையோடு உப்பிலும் கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பின் அளவு நாளைக்கு 5 கிராமுக்கும் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். அதில் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் அடக்கம்! உப்பு குறைந்து, தினமும் அரைமணி நேர வேக நடையும் சேர்ந்தால், மாத்திரையின் அளவு குறையவும் கூடும். அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்.

மாத்திரை வாங்க அலைய முடியவில்லையா? 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். மறதிதான் சிக்கல் என்றால், காலை மாத்திரையை காபி டம்ளர் பக்கத்தில் வையுங்கள். காபியை எந்த அப்பாவும் மறப்பதில்லை.