அக்காவின் லேப்டாப்

கேள்வி: அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப், ஆன் ஆவதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம். எடைக்குப் போட்டுவிடவா?
– வாசகர், கீழ்பென்னாத்தூர்

பதில்: வேண்டவே வேண்டாம்! 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பழைய லேப்டாப்களில் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். அதற்குப் பதில் எஸ்எஸ்டி மாட்டினால், பால் பொங்குவதற்குள் திரை தயார். முதலில் விசிறியில் அடைந்த தூசியை எடுங்கள். திருவண்ணாமலை மாவட்ட வெயிலில் சூடேறினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆன் செய்ததும் அழையா விருந்தாளியாக எழுந்துவரும் புரோகிராம்களை ஸ்டார்ட்அப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். விண்டோஸ் 7 என்றால், 2020 ஜனவரியோடு அதன் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது; இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸுக்கு மாறலாம். இதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே, அக்காவின் போட்டோக்களைப் பென் டிரைவில் ஏற்றிவிடுங்கள். லேப்டாப் தரத் திட்டம் உண்டு, தொலைந்த போட்டோ தரத் திட்டம் எந்த அரசிடமும் இல்லை!